வெற்றிலைப் பாக்கு வாங்காத மாமி

கூரியரில் வந்த பெட்டியைப் பார்த்தசாரதி உடனே பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையின் மேல் வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சாதனா புனேயிலிருந்து அனுப்பியது. முந்தின நாளே போனில் சொல்லிவிட்டாள்.

"ஆத்துக்கு ஒரு கேமரா அனுப்பியிருக்கேம்பா. வயர் கியர் ஒண்ணும் இழுக்க வேண்டாம். வைஃபைல ஓடும். உங்க பில்டிங்ல திருட்டுப் போச்சுன்னேளே, அதான்."

திருட்டுப் போனது உண்மைதான். கீழ்வீட்டுக்காரருடைய சைக்கிள் போயிற்று. ஆனால் அது கோடையில். சைக்கிள் போன மாதம் வராத கேமரா, லேக் மார்க்கெட் விஷயம் நடந்த மறுவாரம் ஏன் வர வேண்டும்?

லேக் மார்க்கெட் விஷயம் என்று அவர் மனதுக்குள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். மனைவி பட்டு, வெற்றிலை வாங்கப் போனாள். கல்யாணமாகிக் கல்கத்தா வந்ததிலிருந்து அவள் நடக்கிற தெரு. போனவள் வரவில்லை. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மளிகைக்கடை செந்தில்நாதன் அவளைக் கைபிடித்து இறக்கினான்.

"ஆட்டோ ஸ்டாண்டுல நின்னுட்டு இருந்தாங்க சார். எங்க போகணும்னு கேட்டா சிரிக்காங்க. அதான் கூட்டியாந்துட்டேன்."

அவனிடம் அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. "யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றுதான் சொன்னார். அவனும் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைத்தான் இப்போது, பெட்டியைப் பார்த்தபடி, அவர் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டுவுக்கு நினைவு நழுவ ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாதனாவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு என்ன ஆனாலும் சரி, ஃப்ளாட்டை மூடிட்டு இங்க கூட்டிண்டு வந்துடுவேன். அப்போ மாட்டேன்னு எல்லாம் சொல்லப்படாது" என்று அவள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள். பட்டுவின் பெண் அல்லவா.

போன வருஷம் புனேயில் போய் இருந்தபோது, ஒரு நாள் மத்தியானம் பட்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தவள் சமையலறை எங்கே என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்தான் முதலில் பார்த்தார். கையைப் பிடித்தபோது அது ஜில்லிட்டிருந்தது. இங்கே அப்படி இல்லை. என்ன கிழமை என்று அவளுக்குத் தெரியாது, சாப்பிட்டோமா என்று தெரியாது. ஆனால் தீப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கை தானே போகிறது. கொதிக்கிற சாத்துமுதை எப்போது இறக்க வேண்டும் என்பது மணிக்கட்டுக்குத் தெரிகிறது. இந்த வீடு அவளுடைய நினைவில் இல்லை, கையில் இருந்தது. இங்கிருந்து பெயர்த்தால் அதுவும் போய்விடும். பார்த்தசாரதி காவல் காத்தது அந்த ஒன்றைத்தான்.

கரியாஹாட் கடையிலிருந்து கேமரா பொருத்த ஒருவன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஹாலைச் சுற்றிப் பார்த்தான். பிளக் பாயின்ட் டிவிக்கு மேலிருந்த பலகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கேமராவை அந்தப் பலகையில் உட்கார வைத்தான். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை உருண்டை, நடுவில் ஒரு கறுப்புக் கண், கண்ணுக்குக் கீழே கடுகளவு விளக்கு. சாதனாவிடம் போனில் பேசி ஏதேதோ எண்களைத் தட்டினான். பிறகு இவருடைய போனைப் பார்த்துவிட்டு, "மெஷோமொஷாய், இந்தச் சின்ன போனில் உங்களுக்கு என்ன தெரியும்? டிவியிலும் வரும், போட்டுத் தரவா?" என்று உறவுமுறை வைத்து வங்க மொழியில் கேட்டான்.

"டிவியிலா? என் பெண் அங்கே பார்ப்பதை நான் இங்கே பார்க்கலாமா?"

"அதே படம்தான்."

"போடு" என்றார் பார்த்தசாரதி. குரலில் இருந்த அவசரம் அவருக்கே கேட்டது.

விளக்கு எதற்கு என்றும் கேட்டுக்கொண்டார். பச்சையாக இருந்தால் கேமரா சும்மா இருக்கிறது, நீலமானால் யாரோ பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அவன் போன பிறகு டிவியில் ஹால் தெரிந்தது. சோபா, அதன் பின்னால் சாப்பாட்டு மேஜை, அதற்கும் பின்னால் வாசல் கதவு. யாரோ ஒரு கிழவர் கையில் ரிமோட்டோடு நின்றுகொண்டிருந்தார். பார்த்தசாரதி கையை உயர்த்தினார். கொஞ்சம் பொறுத்துத்தான் அந்தக் கிழவர் கையை உயர்த்தினார். யோசித்துவிட்டு உயர்த்தியதுபோல இருந்தது.

விளக்கைப் பார்த்தார். நீலம்.

ஆக, பார்க்கிறாள்.

மறுநாள் காலை பட்டு எழுந்திருக்கும் முன்பே அவர் டிவியைப் போட்டுவிட்டு, ஹாலில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து, படத்தின் எல்லையைக் கண்டுபிடித்தார். சமையலறை தெரியாது. படுக்கையறை தெரியாது. சாப்பாட்டு மேஜையின் ஜன்னல் பக்கத்து முனை தெரியாது. டிவிக்கு மிக அருகில் வந்தால், கேமரா மேலே இருப்பதால், ஆளே மறைந்துபோகிறார். துறைமுக ஆபீசில் வேலை பார்த்தபோது கப்பல் சரக்குகளைக் குறித்து வைத்துப் பழகியவர் அவர். இதையும் அப்படியே மனதில் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீடு இரண்டானது. தெரிகிற வீடு ஒன்று, தெரியாத வீடு ஒன்று. பட்டுவுக்குச் சாப்பாடு ஜன்னல் பக்கத்து முனையில். ஏனென்றால் அவள் சில நாள் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மறந்துவிடுவாள். புடவை கட்டிவிடுவது, மாத்திரை கொடுப்பது, கேட்டதையே கேட்கும்போது பதில் சொல்வது, எல்லாம் படுக்கையறையில். மத்தியானம் அவளைச் சோபாவில் உட்கார வைத்துக் கையில் வாரப் பத்திரிகையைக் கொடுத்துவிடுவார். அவள் அதை அழகாகப் பிடித்துக்கொண்டிருப்பாள். தினமும் ஒரே பக்கம் என்பது கேமராவுக்குத் தெரியாது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க டிவியை நாள் முழுவதும் அப்படியே விட்டிருந்தார், சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு. செய்தி கேட்பதை நிறுத்திவிட்டார். தலையைத் தூக்கினால் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில், மத்தியானம், விளக்கு வைக்கும் நேரத்தில். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இத்தனை நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று நினைத்தார். படுக்கப்போகும்போது டிவியை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் விளக்கு பச்சையாகிவிடும். அவளும் தூங்க வேண்டுமே என்று சொல்லிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாதனா போன் செய்வாள். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அந்த மௌனம் அவருக்குக் கேள்வியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. "அம்மா எப்படி இருக்கா?" என்பாள். "நன்னா இருக்கா. இப்பதான் தூங்கப் போனா" என்பார். அப்புறம் மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆனால் பட்டு டிவியைப் பார்க்க ஆரம்பித்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"ஏன்னா, அந்த மாமி யாரு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எந்த மாமி?"

"கார்த்தாலேர்ந்து உக்காந்துண்டிருக்காளே, அவதான். என்னையே பாக்கறா."

அவர் டிவியைப் பார்த்தார். சோபாவில், மடியில் பத்திரிகையோடு, வெள்ளைத் தலையோடு பட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் அது."

"நன்னா இருக்கே! எனக்கு நரைச்சா இருக்கு?"

அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அது இன்னும் மோசமாயிற்று. பட்டு டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஒட்டி உக்காந்துண்டிருக்கேள் அவளோட? நான் உள்ள போனா ரெண்டு பேருக்கும் என்ன பேச்சு?"

வாழ்நாளில் முதல் தடவையாக மனைவி அவரைச் சந்தேகப்பட்டாள். அதுவும் அவளை வைத்தே. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் எழுந்து ஜன்னலருகே போய், தெருவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

டிவியை அணைத்துவிடலாம். அணைத்தால் சாதனா என்ன பார்க்கிறாள் என்று எப்படித் தெரியும்? அவர் அணைக்கவில்லை.

நவராத்திரி வந்தது. தெருமுனைத் துர்கா பூஜைப் பந்தலில் மூங்கில் எழும்பித் துணி போர்த்தி விளக்குகள் தொங்கின. பார்த்தசாரதி கொலுப்படியைத் தானே கட்டினார், கேமராவுக்கு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து. பொம்மைகளையும் தானே வைத்தார். பட்டு வைத்தால் செட்டியார் பொம்மையின் கடையில் தசாவதாரம் போய் உட்கார்ந்துவிடும். சாதனாவிடம் "அம்மாதான் வெச்சா" என்று சொல்லத் தயாராக ஒரு வாக்கியமும் வைத்திருந்தார்.

வெற்றிலைப் பாக்கு வாங்க அவரே லேக் மார்க்கெட் போனார். செந்தில்நாதன் கடையில் கூட்டம். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார்.

"என்ன சார், அப்பளக் கட்டையே பாத்துட்டு நிக்கீங்க?"

"செந்தில்நாதன், சாதனாகிட்ட ஏதாவது சொன்னியா?"

அவன் நிமிர்ந்தான். "உங்க பொண்ணு நம்பரே எங்கிட்ட இல்ல சார். இருந்தாலும் பேச நேரம் ஏது? சுண்டலுக்குக் கடலை கட்டிக் குடுக்கவே கை பத்தல." கொட்டைப்பாக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அம்மா எப்படி இருக்காங்க?" என்றான்.

"ஏன் கேக்கறே?"

"கேக்கப்பிடாதா?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். அவன் சொல்லவில்லை என்றால் வேறு யார்? நினைத்துக்கொண்டே போனதில் தன் தெருவைத் தாண்டி நடந்துவிட்டார். திரும்பி வரும்போது, வழி தவறி நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தெரிந்தது.

முன்பெல்லாம் கொலுவுக்கு மாடிவீட்டு வங்காளிப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். இந்த வருஷம் அவர் யாரையும் அழைக்கவில்லை. வருகிறவர்கள் பட்டுவிடம் பேசுவார்கள், பேசினால் தெரிந்துவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டுச் சோபாவில் உட்கார வைத்தார். சுண்டலை இறக்கச் சமையலறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது பட்டு டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு வாழைப்பழம். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. டிவியில் சோபா காலியாக இருந்தது.

"போயிட்டா" என்றாள் பட்டு.

"யாரு?"

"அந்த மாமி. இப்போ இருந்தா. நான் தட்டை எடுத்துண்டு கிட்ட வரேன், எழுந்து நேரா வந்தா, காணும்."

அவள் பின்னால் நகர்ந்தாள். சற்றுப் பொறுத்து டிவியில் ஒரு பட்டுப்புடவை தோன்றியது. "வந்துட்டா, வந்துட்டா" என்று முன்னே போனாள். புடவை மறைந்தது. பட்டு மறுபடி பின்னே வந்தாள், மறுபடி போனாள். தட்டில் பாக்கு உருண்டது.

"ஏன்னா, என்ன கோபம் அவளுக்கு? சுமங்கலி, ஆத்துக்கு வந்துட்டு வெத்தலைப் பாக்கு வாங்கிக்காம போறா. நான் ஏதாவது சொல்லிட்டேனா? நீங்க ஏதாவது சொன்னேளா?" அவள் உதடு நடுங்கியது. "குங்குமம் இட்டுக்காம போறாளே. நம்மாத்துலேர்ந்து யாராவது அப்படிப் போயிருக்காளா?"

பார்த்தசாரதி விளக்கைப் பார்த்தார். நீலம். எப்போதும்போல நீலம். இத்தனை நேரமாக இதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டுவைத் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடலாம். நாலே அடி. படத்துக்கு வெளியே. ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அழுதுகொண்டே வருவாள். மறந்துபோகும், உடனே மறந்துபோகும். ஆனால் மனத்தாங்கல் மட்டும் மறக்காது, காரணம் தெரியாமல் ராத்திரி முழுக்க அவளிடம் தங்கும். அதை அவர் பார்த்திருக்கிறார்.

பந்தலில் டாக் மேளம் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

பிறகு அவளைக் கைபிடித்து அழைத்துவந்து, சோபாவின் நடுவில், படத்தின் நட்ட நடுவில் உட்கார வைத்தார். "நீ எழுந்து போனா அவளும் எழுந்து போறா. இங்கேயே உக்காந்து குடு" என்றார். குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் இட்டார். தட்டை அவள் இரண்டு கைகளிலும் வைத்தார்.

"இப்போ பாரு."

டிவியில், யோசித்துவிட்டு, அந்த மாமி நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டாள். கையில் தட்டை வாங்கிக்கொண்டாள். பட்டுவின் முகம் மலர்ந்தது. அந்த மாமியும் சிரித்தாள்.

"வாங்கிண்டுட்டா" என்றாள் பட்டு.

"வாங்கிண்டுட்டா."

அவர் நிமிர்ந்து கறுப்புக் கண்ணைப் பார்த்தார். "பாத்துக்கோ, சாதனா. உங்கம்மா இப்படித்தான் இருக்கா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான்தான் சொல்லலை. நீ என்ன பண்ணணுமோ பண்ணிக்கோ."

கேமரா ஒன்றும் சொல்லவில்லை. அதன் வழியாகப் பேசவும் முடியும் என்று பொருத்தியவன் சொல்லியிருந்தான். அவர் காத்திருந்தார். சுண்டல் ஆறிப்போயிற்று. பேச வாயில்லாத அளவுக்குக் கோபமா அவளுக்கு? அல்லது பயணத்துக்கு டிக்கெட் பார்க்கப் போய்விட்டாளா?

டாக் ஓய்ந்து மறுபடி தொடங்கியபோது போன் அடித்தது.

"அப்பா, கொலு எப்படி இருக்கு? இன்னிக்கு என்ன சுண்டல்?"

அந்தச் சாதாரணக் குரலில் என்ன ஒளிந்திருக்கிறது என்று அவர் தேடினார். "சும்மா கேக்காதே. பாத்தியோன்னோ?"

"என்னத்தைப் பாத்தேன்?"

"கேமராவுல."

"கேமராவா?" அவள் சிரித்தாள். "நான் அதைத் திறந்தே எத்தனையோ நாளாச்சுப்பா. முதல்ல ரெண்டு நாள் பாத்தேன். நீங்க நாற்காலில உக்காந்துண்டு என்னையே முறைச்சிண்டிருந்தேள். என்னமோ உங்காத்துக் கதவிடுக்கு வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருந்தது. மூடிட்டேன்."

"பொய் சொல்லாதே. நாள் பூரா நீல விளக்கு எரியறது."

"நீங்க டிவில போட்டு வெச்சிருக்கேளா?"

"வெச்சிருக்கேன்."

"அப்போ நீங்க பாக்கறேள்னு எரியறதுப்பா. யார் பாத்தாலும் எரியும்."

பார்த்தசாரதி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "பின்ன அந்த வாரம் பாத்து ஏன் அனுப்பினே?"

"எந்த வாரம்? ஆகஸ்ட் பதினஞ்சு ஆஃபர்ல போட்டிருந்தாம்பா. அதான் வாங்கினேன்."

செந்தில்நாதன் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. இத்தனை நாளும் ஜன்னல் பக்கத்து முனையில் அவளை ஒளித்து வைத்தது அவருடைய கண்ணிலிருந்தேதான். சற்று முன் கேமராவைப் பார்த்துச் சொன்னதும் வெறும் சுவரிடம் சொன்னதுதான். எதுவும் வெளியே போகவில்லை. இப்போது "கடலைச் சுண்டல்" என்று சொன்னால் போதும். டிவியையும் அணைத்துவிடலாம். எல்லாம் பழையபடி இருக்கும்.

"அப்பா? லைன்ல இருக்கேளா?"

சோபாவில் பட்டு தட்டை மடியில் வைத்தபடி எதிரிலிருந்தவளிடம் தலையை ஆட்டி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே விருந்தாளி.

"அப்பா, எதைப் பாக்கணும் நான்?" சாதனாவின் குரல் மாறியிருந்தது.

ஒரு தடவை வாயைவிட்டு வந்ததை உள்ளே போடும் இடம் அவருக்குத் தெரியவில்லை. "இப்போ திற" என்றார். "திறந்து பாரு. ஆனா ஒண்ணு. இங்கேர்ந்து கூட்டிண்டு போறேன்னு மட்டும் இன்னிக்குச் சொல்லாதே."

போன் வைக்கப்பட்டது. விளக்கு முன்பே நீலமாக இருந்ததால், அவள் எப்போது வந்தாள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பார்த்தசாரதி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பட்டு டிவியைப் பார்த்து, "சுண்டல் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். குழந்தைகள் எத்தனை? எனக்கு ஒரே பொண்ணு. ஸ்கூல்லேர்ந்து வர நேரம்தான்" என்றாள்.

பலகையிலிருந்து மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா" என்றது டிவிக்கு மேலிருந்து ஒரு குரல்.

பட்டு நிமிர்ந்தாள். "பேசறாளே! ஏன்னா, நன்னா தமிழ் பேசறா. குரல்கூட நம்ம சாதனா மாதிரியே இருக்கு." டிவியைப் பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்: "வெத்தலைப் பாக்கு எடுத்துண்டேளா?"

பலகையிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எடுத்துண்டேன், மாமி."

பட்டு திருப்தியாகச் சாய்ந்துகொண்டாள்.

"அப்பா, நான் அடுத்த வாரம் வரேன்" என்றது குரல்.

"எதுக்கு?" என்றார் பார்த்தசாரதி.

"அம்மாவோட இருக்கறதுக்கு."

அவர் அந்த வார்த்தைகளைப் பழக்கம்போல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தும் நம்பிவிட முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து போய், கிண்ணத்தில் சுண்டல் எடுத்துக்கொண்டு வந்து, பட்டுவுக்கு ஊட்ட ஆரம்பித்தார், சோபாவிலேயே, கேமராவுக்கு நேராக.